‘பத்து வருஷத்துக்கு எழுபது சதவீதம்’: வால்வு ஆபரேஷனுக்குப் பிறகு வர்ற அந்த எண்ணை எப்படிப் படிக்கிறது?

இந்த எபிசோடை ஒரு எண்ணை வச்சுத் தொடங்கறேன்: எழுபது. இதய வால்வு மாத்துற ஆபரேஷன் முடிஞ்ச ஒருத்தரோட வீட்டுல யாராவது போனை எடுத்துத் தேட ஆரம்பிச்சா, கொஞ்ச நேரத்துல இப்படி ஒரு வரி கண்ணுல படும்: ‘பத்து ஆண்டு உயிர்வாழ்வு 70 சதவீதம்’. எழுபதுங்கறது நான் உதாரணத்துக்கு எடுத்த எண். எந்த வால்வு, எந்த வயசு, எந்த ஊரு ஆஸ்பத்திரிங்கறதைப் பொறுத்து அது ஐம்பதாவும் இருக்கும், தொண்ணூறாவும் இருக்கும். எந்த எண்ணா இருந்தாலும் படிக்கறவங்களுக்கு வயித்தைக் கலக்கும். மீதி முப்பதுல எங்க அம்மா இருக்காங்களா, இல்லையா?

என் சித்தி அவலூர்பேட்டையில இருக்காங்க. செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே, திருவண்ணாமலைக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்துல இருக்கற ஊரு. 34 வயசுல அவங்களுக்கு மைட்ரல் வால்வை எடுத்துட்டு ‘மெட்டல் வால்வு’ வச்சாங்க. இப்போ பதினோரு வருஷம் ஆச்சு. அவங்க பையன் சென்னையில வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்குப் பார்த்தப்போ கேட்டான்: “அக்கா, நெட்ல எல்லாமே பத்து வருஷக் கணக்காவே இருக்கு. அம்மாவுக்குப் பத்து வருஷம் தாண்டிடுச்சே, இனிமே என்ன?”

நல்ல கேள்வி. இதுக்குப் பதில் சொல்லணும்னா, அந்த எண் எப்படிப் பிறக்குதுன்னு முதல்ல பார்க்கணும்.

எந்த வால்வு, ஏன் கெடுது?

இதயத்துல நாலு வால்வு இருக்கு. ரத்தம் ஒரு பக்கமாவே போகணும், திரும்பி வரக்கூடாது, அதுக்கான கதவுகள் அவை. நிமிஷத்துக்கு எழுபது துடிப்புன்னு வச்சா, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவை திறந்து மூடும்.

பணக்கார நாடுகள்ல வால்வு ஆபரேஷனுக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க வயசானவங்க. வயசோட சேர்ந்து வால்வுல கால்சியம் படிஞ்சு இறுகிப்போயிருக்கும். நம்ம பக்கத்துக் கதை ரொம்ப காலமா வேற. சின்ன வயசுல, அஞ்சுலேர்ந்து பதினஞ்சு வயசுக்குள்ள, ஸ்ட்ரெப்டோகாக்கஸ்ங்கற கிருமியால தொண்டைப்புண் வரும். சில பிள்ளைகளுக்கு அதைத் தொடர்ந்து மூட்டு வீங்கி, காய்ச்சல் வரும். கிருமியை எதிர்க்கக் கிளம்பின உடம்பு, தன் இதய வால்வையே தாக்கிடும். இதுதான் ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் வந்த தடம் தெரியாமப் போயிடும். வால்வுல விழுந்த தழும்பு மட்டும் தங்கி, வருஷக்கணக்கா தடிச்சு, இருபது முப்பது வயசுல மூச்சிரைப்பா வெளியே தெரியும். பல பெண்களுக்கு முதல் தடவையா தெரியவர்றதே பிரசவ காலத்துலதான். கர்ப்பத்துல இதயத்துக்கு வேலை கூடும்போது குறுகின வால்வால தாங்க முடியாது.

அதனால ‘வால்வு நோயாளி’ன்னு ஒரே பேர்ல சொன்னாலும், கலிஃபோர்னியாவுல 72 வயசு தாத்தாவும் அவலூர்பேட்டையில 34 வயசு சித்தியும் வேற வேற ஆளுங்க. ஒருத்தருக்குப் பத்து வருஷக் கணக்கே போதும். இன்னொருத்தருக்கு நாற்பது வருஷக் கணக்கு வேணும்.

ஆபரேஷன் ரிஸ்க் வேற, அதுக்கப்புறம் வேற

நம்ம கேட்கிற ‘சதவீதம்’ ரெண்டு வகை. இதைக் குழப்பிக்கறவங்க நிறைய பேர்.

ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டர், “ரிஸ்க் மூணு சதவீதம்”னு சொன்னா, அது ஆபரேஷனையும் அதை ஒட்டின நாட்களையும் பத்தினது. இதைக் கணக்கிட யூரோஸ்கோர்னு ஒரு கருவி இருக்கு. 1999-ல ஐரோப்பாவுல எட்டு நாடுகளோட நோயாளிகளை வச்சு உருவாக்கினது. 2012-ல இருபதாயிரத்துக்கும் மேல நோயாளிகளோட தகவல்ல அதோட ரெண்டாம் பதிப்பு வந்தது. வயசு என்ன, சிறுநீரகம் எப்படி, இதயம் எவ்வளவு பலமா பம்ப் பண்ணுது, நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் எவ்வளவு, இது அவசர ஆபரேஷனா, ஏற்கெனவே நெஞ்சைத் திறந்திருக்கா, இப்படிக் கேட்டு ஒரு எண்ணைச் சொல்லும். ஆஸ்பத்திரியிலேர்ந்து உயிரோட வெளியே வர்ற வரைக்குமான கணக்குதான் அது.

வீட்டுக்கு வந்த பிறகு அஞ்சு வருஷம், பத்து வருஷம், இருபது வருஷம்னு போற கணக்கு தனி. அதுக்கு நோயாளிகளை வருஷக்கணக்கா பின்தொடரணும். அங்கதான் சிக்கல் ஆரம்பிக்குது.

காணாமப் போனவங்களை எப்படி எண்றது?

பத்து பேருக்கு ஆபரேஷன் நடந்ததுன்னு வைங்க. ரெண்டாவது வருஷம் ஒருத்தர் இறந்துட்டார். மூணாவது வருஷம் மூணு பேர் ஆஸ்பத்திரிக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. போன் எடுக்கலை, உயிரோட இருக்காங்களா தெரியாது. அஞ்சாவது வருஷம் மீதி ஆறு பேர்ல ஒருத்தர் இறந்துட்டார். அஞ்சு வருஷ உயிர்வாழ்வு எவ்வளவு?

காணாமப் போன மூணு பேரும் நல்லா இருக்காங்கன்னு நம்பினா, பத்துல எட்டு: 80 சதவீதம். அவங்களும் இறந்திருப்பாங்கன்னு பயந்தா, பத்துல அஞ்சு: 50 சதவீதம். ஒரே பத்து பேர், முப்பது சதவீத வித்தியாசம்.

இதுக்கு ஒரு வழியை 1958-ல எட்வர்ட் கப்ளான், பால் மையர்னு ரெண்டு அமெரிக்கப் புள்ளியியலாளர்கள் வெளியிட்டாங்க. நம்ம ஊரு உதாரணத்துல சொல்றேன். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். நண்பர்கள் கூட்டமா கிளம்பறீங்க. வழியில சிலர் கூட்டத்துல தவறிடறாங்க. அவங்க முடிச்சாங்களா, பாதியில ஆட்டோ பிடிச்சாங்களா, தெரியாது. ஒவ்வொரு கட்டத்துலயும் ‘இப்போ நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சு நடந்துட்டிருக்கறவங்கள்ல எத்தனை பேர் உட்கார்ந்துட்டாங்க?’ன்னு மட்டும் கேளுங்க. தவறிப்போனவர், தவறின நிமிஷம் வரைக்கும் கணக்குல இருப்பார். அதுக்கப்புறம் அவரைப் பத்தி நாம எதுவும் சொல்றதில்ல.

நம்ம பத்து பேர் கணக்குல, ரெண்டாவது வருஷம் பத்துல ஒன்பது பேர் தாண்டினாங்க: 90 சதவீதம். அஞ்சாவது வருஷம், கண்ணுக்குத் தெரிஞ்ச ஆறுல அஞ்சு பேர் தாண்டினாங்க: 83 சதவீதம். ரெண்டையும் பெருக்கினா 75 சதவீதம். மருத்துவக் கட்டுரைகள்ல படிக்கட்டு மாதிரி இறங்கற கோடு பார்த்திருப்பீங்களே, அது இதுதான். கப்ளான்–மையர் கோடு.

இதுல ஒரு சுவையான விஷயம். மையர் யோசிச்சது நோயாளிகளைப் பத்தி. கப்ளான் பெல் ஆய்வகத்துல இருந்தப்போ எடுத்த கேள்வி, கடலுக்கு அடியில போற டெலிபோன் கேபிள்ல இருக்கற வேக்யூம் டியூப் எத்தனை நாள் தாங்கும்ங்கறது. நம்ம தாத்தா காலத்துல அதைத்தான் ரேடியோ ‘வால்வு’ன்னு சொன்னாங்க. ஒரு வால்வோட ஆயுளை எண்ணப் பிறந்த கணக்கு, இன்னொரு வால்வு வச்சவங்களோட ஆயுளை எண்ண வந்து சேர்ந்திருக்கு.

ஆனா இந்தக் கணக்கு ஒரு நம்பிக்கை மேல நிக்குது. காணாமப் போனவங்களும் தொடர்ந்து வர்றவங்களும் ஒரே மாதிரிதான் இருப்பாங்கங்கற நம்பிக்கை. நம்ம ஊர்ல யார் காணாமப் போறாங்கன்னு யோசிங்க. ஒரு நாள் கூலியை விட்டுட்டு பஸ் ஏற முடியாதவங்க. கல்யாணமாகி வேற ஊருக்குப் போன பொண்ணு. “நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு அலையணும்?”ங்கறவங்க. வீட்டுலயே இறந்துபோய், ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்னு யாருக்கும் தோணாதவங்க. இவங்களும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை தவறாம வந்து நிக்கறவங்களும் ஒண்ணா? பாதிப் பேர் காணாமப் போன ஆய்வுல ‘90 சதவீதம்’னு போட்டிருந்தா, அது வந்து நின்னவங்களோட 90.

அதனால ஒரு சதவீதத்தைப் பார்த்தா, பக்கத்துல இன்னொரு எண்ணையும் தேடுங்க: எத்தனை பேரோட கதை கடைசி வரைக்கும் தெரிஞ்சது?

வேலூரின் 3,724 பேர்

இந்தக் கணக்கைப் பெரிய அளவுல போட்டவங்க நமக்குப் பக்கத்துலயே இருக்காங்க. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில ஸ்டான்லி ஜானும் அவரோட குழுவும் 1983-ல ‘சர்குலேஷன்’ இதழ்ல ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. குறுகின மைட்ரல் வால்வை, ஹார்ட்–லங் மெஷின் இல்லாம, துடிச்சுக்கிட்டு இருக்கற இதயத்துக்குள்ளயே விரலையோ கருவியையோ விட்டு விரிக்கிற ஆபரேஷன் அது. வால்வு மாத்தறது இல்ல, இருக்கற வால்வைத் திறந்துவிடறது. எத்தனை பேர்? 3,724 பேர், அதுவும் வரிசையா.

‘வரிசையா’ங்கற சொல்லைக் கவனிங்க. நல்லா தேறினவங்களை மட்டும் பொறுக்கி எடுக்கலை, வந்தவங்க எல்லாரையும் கணக்குல சேர்த்தாங்கன்னு அர்த்தம். வெளிநாடுகள்ல ருமாட்டிக் நோய் குறைஞ்சுகிட்டே வந்த காலத்துல, அவ்வளவு இள வயசு நோயாளிகளோட நீண்டகாலக் கதை இங்கேதான் சேர்ந்தது. 1990-ல அதே ஸ்டான்லி ஜான் குழு, வால்வு மாத்தின இள வயசு ருமாட்டிக் நோயாளிகளைப் பத்தின இருபது வருஷ அனுபவத்தையும் எழுதினாங்க. செல்போன் இல்லாத காலம். அந்தக் கோட்டுல இருக்கற ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னாடி, ஒருத்தரைத் திரும்பக் கண்டுபிடிச்ச உழைப்பு இருக்கு.

வால்வுக்கு ஆயுள் சொல்லலாம், ஆளுக்கு?

1960-ல அமெரிக்காவுல ஆல்பர்ட் ஸ்டார்ங்கற சர்ஜனும் லோவெல் எட்வர்ட்ஸ்ங்கற இன்ஜினியரும் சேர்ந்து, கூண்டுக்குள்ள பந்து வச்ச மாதிரி ஒரு வால்வை மைட்ரல் இடத்துல பொருத்தினாங்க. முதல் நோயாளி பிழைக்கலை. அடுத்தவர் பல வருஷம் வாழ்ந்தார். கடைசியில எப்படி இறந்தார் தெரியுமா? வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கும்போது ஏணியிலேர்ந்து விழுந்து.

இந்த மரணத்தை எந்தக் கணக்குல எழுதறது? ‘வால்வு வச்சவர் இறந்தார்’ங்கறது உண்மை. வால்வால இறக்கலைங்கறதும் உண்மை. அதனால ‘மொத்த உயிர்வாழ்வு’ வேற, ‘வால்வு சம்பந்தப்பட்ட மரணம் இல்லாத உயிர்வாழ்வு’ வேற. ரெண்டாவது எப்பவும் அழகா தெரியும். நீங்க படிக்கற சதவீதம் எதுன்னு பார்த்துக்கோங்க.

நம்ம நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டு வால்வோட விலை நம்ம ஆளுங்களுக்கு எட்டாததா இருந்தது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்துல டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில உள்நாட்டுலயே வால்வு செய்யப் பாடுபட்டாங்க. முதல் மூணு மாடல் தோத்துப்போச்சு. நாலாவதுதான் நின்னது. 1990 டிசம்பர் 6-ஆம் தேதி முதல் தடவையா ஒரு நோயாளிக்குப் பொருத்தினாங்க. டி.டி.கே. சித்ரா வால்வுன்னு இன்னிக்கும் அது புழக்கத்துல இருக்கு. உலோகச் சட்டத்துக்குள்ள பிளாஸ்டிக் தட்டு ஒண்ணு சாய்ஞ்சு சாய்ஞ்சு திறந்து மூடும். இதுவரைக்கும் ஒரு லட்சம் பேருக்கு மேல பொருத்தியிருக்காங்க.

இந்த மாதிரி மெக்கானிக்கல் வால்வை ஆய்வகத்துல ஒரு மெஷின்ல மாட்டி வேகமா திறந்து மூடவிட்டுச் சோதிப்பாங்க. சர்வதேசத் தரப்படி 40 கோடி தடவை தாங்கணும். வருஷத்துக்கு மூணரைக் கோடிக்கு மேல துடிப்புன்னு போட்டா, பத்து வருஷத்துக்கு மேல வரும். ஆக, வால்வு என்கிற பொருளோட உழைப்பை முன்கூட்டியே ஓரளவு சொல்லிடலாம். அதைச் சுமக்கிற ஆளோட ஆயுளை அப்படி மெஷின்ல மாட்டி ஓட்டிப் பார்க்க முடியாது.

அப்போ எது தீர்மானிக்குது?

முதல் பாதி, ஆபரேஷன் டேபிள்ல படுக்கிறதுக்கு முன்னாடியே எழுதியாச்சு. இதயத் தசை எவ்வளவு பலமா இருக்கு, துடிப்பு சீரா இருக்கா இல்ல தாறுமாறா ஓடுதா, நுரையீரல் பக்கம் அழுத்தம் ஏறியிருக்கா, சிறுநீரகம் எப்படி. தாமதமா வர்றவங்களுக்குப் புது வால்வு வந்தாலும் பழைய இதயம்தான் உள்ளே இருக்கு. ‘முடிஞ்ச வரைக்கும் தள்ளிப்போடுவோம்’ங்கற முடிவோட விலை அஞ்சு வருஷம் கழிச்சுத் தெரியும்.

மறுபாதி வீட்டுல எழுதப்படுது. மெக்கானிக்கல் வால்வு மேல ரத்தம் உறைஞ்சு ஒட்டப் பார்க்கும். அதைத் தடுக்க அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி மாத்திரை வாழ்நாள் முழுக்க வேணும். அளவு சரியான்னு ஐ.என்.ஆர். ரத்தப் பரிசோதனை சொல்லும். மாத்திரை போடாத ஆளுக்கு அது ஒண்ணுக்குப் பக்கத்துல இருக்கும். மைட்ரல் இடத்துல மெக்கானிக்கல் வால்வு இருந்தா, பொதுவா ரெண்டரைக்கும் மூணரைக்கும் நடுவுல வைப்பாங்க. குறைஞ்சா, வால்வுல கட்டி பிடிக்கலாம், அது பிய்ச்சுக்கிட்டு மூளைக்குப் போனா பக்கவாதம். கூடினா, ரத்தக்கசிவு. முருங்கைக்கீரை ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் சுத்தமா இல்லைன்னா, எண் ஆடும். மெடிக்கல் ஷாப்ல வாங்கிப் போடற வலி மாத்திரையும் ஆபத்து.

சித்திகிட்ட ஒரு நோட்டு இருக்கு. தேதி, ஐ.என்.ஆர்., எத்தனை மாத்திரை, மூணே பத்தி. ஒரு வருஷம் மல்லாட்டை பிடுங்கற சமயத்துல ரெண்டரை மாசம் வெற்றுக் கட்டம். அடுத்த வரியில எண் 1.4. வேலைக்கு ஆள் கிடைக்கலை, பரிசோதனைக்குப் போனா ஒரு நாள் முழுக்கப் போயிடும்னு விட்டுட்டாங்க. அந்தத் தடவை ஒண்ணும் ஆகலை. ஆகியிருந்தா, ஏதோ ஒரு ஆய்வுக் கோட்டுல ஒரு படி இறங்கியிருக்கும். அதுக்குக் காரணம்னு ‘வயசு’, ‘பால்’, ‘இதயச் செயல்திறன்’ இதுலதான் ஒண்ணை எழுதியிருப்பாங்க. ‘மல்லாட்டை அறுவடை’ங்கற கட்டம் எந்த ஸ்கோர்லயும் கிடையாது.

“இப்பதான் ரத்தப் பரிசோதனையே தேவைப்படாத புது மாத்திரை வந்துடுச்சே?”ன்னு கேட்பீங்க. மெக்கானிக்கல் வால்வு வச்சவங்களுக்கு டாபிகாட்ரானைச் சோதிச்ச ஆய்வை 2012-ல பாதியிலயே நிறுத்தினாங்க. கட்டி, ரத்தக்கசிவு ரெண்டுமே அதிகமா வந்தது. வால்வு மாத்தாத, ஆனா ருமாட்டிக் நோயும் தாறுமாறான துடிப்பும் இருக்கறவங்களுக்கு ரிவராக்ஸபானைச் சோதிச்ச ‘இன்விக்டஸ்’ ஆய்வு 2022-ல வெளிவந்தது. 24 நாடுகள், ஏறக்குறைய 4,500 பேர், இந்தியாவும் அதுல உண்டு. பழைய மாத்திரை போட்டவங்கள்லதான் இறப்பு குறைவு. மாத்திரைதான் காரணமா, இல்ல அதுக்காக அடிக்கடி வந்து யாராவது ஒருத்தர் கண்ல பட்டதும் ஒரு காரணமான்னு அப்போ பேசப்பட்டது. எனக்கு ரெண்டாவது கேள்வி மனசுல நின்னுடுச்சு.

இதே மாதிரி இன்னொரு ஆய்வு. கலிஃபோர்னியாவுல வால்வு மாத்தினவங்களோட பதிவுகளை வச்சு 2017-ல வந்தது. மைட்ரல் இடத்துல, 70 வயசு வரைக்கும் மெக்கானிக்கல் வால்வு வச்சவங்களுக்கு, திசு வால்வு வச்சவங்களைவிட இறப்பு குறைவு. திசு வால்வுன்னா, மாடு இல்ல பன்றியோட திசுவுல செஞ்சது. வாழ்நாள் முழுக்க அசிட்ரோம் வேண்டியதில்ல, ஆனா இள வயசுல சீக்கிரம் தேயும், மறுபடி ஆபரேஷன் வரும். அந்த 2017 முடிவு அங்கே சரி. பக்கத்துத் தெருவுல ஐ.என்.ஆர். பார்க்க முடியாத ஊருல, அடுத்த வருஷம் குழந்தை பெத்துக்கணும்னு நினைக்கற 24 வயசுப் பொண்ணுக்கு அதே முடிவை அப்படியே தூக்கி வைக்க முடியாது. ரத்தம் உறையாம இருக்கப் போடற அந்த மாத்திரை கருவைப் பாதிக்கலாம். அவங்க டாக்டரோட உட்கார்ந்து தனியா பேசவேண்டிய கணக்கு அது.

பத்து வருஷம் தாண்டினவங்களுக்கு

இப்போ தம்பியோட கேள்வி. ‘பத்து வருஷத்துக்கு 70 சதவீதம்’னா பத்தாவது வருஷம் ஏதோ காலாவதித் தேதின்னு நிறைய பேர் நினைச்சுக்கறாங்க. அந்த ஆய்வு பத்து வருஷம்தான் பார்த்தது, அவ்வளவுதான்.

முக்கியமா, எண் நடக்க நடக்க மாறும். 100 பேர் கிளம்பி, அஞ்சாவது வருஷம் 85 பேர், பத்தாவது வருஷம் 70 பேர் இருக்காங்கன்னு வைங்க. அஞ்சு வருஷம் தாண்டின ஒருத்தர் பத்தைத் தொடற வாய்ப்பு என்ன? 85-ல 70. அதாவது 82 சதவீதம். ஆபரேஷன் நாள்ல சொன்ன 70 அவருக்கு இனி பொருந்தாது, ஏன்னா ஆரம்பத்துல இருந்த ஆபத்தை அவர் ஏற்கெனவே கடந்துட்டார்.

சித்திக்கும் அப்படித்தான். பதினோரு வருஷம் முன்னாடி போட்ட கணக்கு பழசு. இன்னிக்கு எக்கோ என்ன சொல்லுது, துடிப்பு எப்படி, கடந்த ஒரு வருஷத்துல ஐ.என்.ஆர். எத்தனை தடவை எல்லைக்குள்ள இருந்தது, இதை வச்சுத்தான் புதுசா பேசணும். இதைத் தம்பிகிட்டச் சொன்னேன். இப்போ மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை அவனே ஊருக்குப் போய் கூட்டிட்டுப் போறான்.

ஏஐ வந்தா சரியாயிடுமா?

1972-ல டேவிட் காக்ஸ்ங்கற பிரிட்டிஷ் புள்ளியியலாளர், வயசு, சிறுநீரகம், துடிப்புன்னு பல காரணங்களை ஒண்ணா வச்சு, எது எவ்வளவு ஆபத்தைக் கூட்டுதுன்னு பிரிச்சுப் பார்க்க ஒரு முறை கொடுத்தார். இன்னிக்கு அதே வேலைக்கு மெஷின் லேர்னிங் மாடல்களும் வந்திருக்கு. யார் சொன்னாலும் ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு, ரெண்டு நோயாளிகளைக் காட்டினா யாருக்கு ஆபத்து அதிகம்னு சரியா சொல்லுதா? ரெண்டு, ‘20 சதவீத ஆபத்து’ன்னு அது சொன்ன நூறு பேர்ல உண்மையாவே இருபது பேருக்குக்கிட்டதான் அப்படி ஆச்சா? முதல் பரீட்சையில பாஸான மாடல் ரெண்டாவதுல ஃபெயிலாகலாம். 70 வயசுக்காரங்களோட தகவல்ல படிச்ச மாடலை 30 வயசு ருமாட்டிக் நோயாளிகள்கிட்டக் கொண்டுவந்தா, அதுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். அதைச் சரிபண்ண நம்ம ஆளுங்களோட தகவல் வேணும். அது மறுபடியும் அந்தக் காணாமப் போனவங்ககிட்டயே வந்து நிக்குது.

கையோட எடுத்துட்டுப் போக

வீட்டுல யாருக்காவது வால்வு ஆபரேஷன் நடந்திருந்தா, டாக்டர்கிட்ட இதைக் கேளுங்க. நீங்க சொல்ற சதவீதம் ஆபரேஷனுக்கா, அதுக்கப்புறமா? இவங்க வயசுக்காரங்க, இதே நோய் இருக்கறவங்க அந்தக் கணக்குல இருந்தாங்களா? இவங்களுக்கு ஐ.என்.ஆர். எதுலேர்ந்து எது வரைக்கும் இருக்கணும், எங்க ஊருக்குப் பக்கத்துல எங்கே பார்க்கலாம்? பல் பிடுங்கறதுக்கு முன்னாடி என்ன மருந்து? ருமாட்டிக் நோய்னா பென்சிலின் ஊசி தொடரணுமா, எத்தனை வயசு வரைக்கும்? மாத்திரை அளவை மட்டும் இந்த எபிசோடைக் கேட்டு மாத்திடாதீங்க.

அப்புறம் ஒரு வேண்டுகோள். வருஷங்கள் கழிச்சு, ஆபரேஷன் பண்ணின ஆஸ்பத்திரியிலேர்ந்து “எப்படி இருக்கீங்க?”ன்னு ஒரு போன் வந்தா, ஸ்பேம்னு நினைச்சு கட் பண்ணிடாதீங்க. நம்பர் மாறினா சொல்லிடுங்க. ஊர் மாறினாலும் சொல்லிடுங்க. துக்கம் நடந்திருந்தா, கஷ்டமா இருந்தாலும் ஒரு தடவை சொல்லிடுங்க. அடுத்து அந்த வார்டுல உட்கார்ந்து, “எங்க அம்மாவுக்கு எத்தனை வருஷம் டாக்டர்?”னு கேட்கப்போற பையனுக்குச் சொல்லப்படற எண், நீங்க அந்தப் போனை எடுத்துச் சொன்ன பதில்லேர்ந்துதான் வரும்.